கல்லுக்குப் பிறகு தோல்: உளிக்கும் இழைப்புளிக்கும் ஏற்ற தீட்டுப்பசை எது?

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்புறமுள்ள தகரக் கொட்டகையில் நான் கைக்கருவிகளை மட்டும் வைத்து மரவேலை செய்து வருகிறேன். கதவு, சன்னல், சாமி மாடம், ஊஞ்சல் பலகை என்று வருகிற வேலைகளில் பெரும்பாலானவை தேக்கில்தான் அமைகின்றன; இடையிடையே வாகையும் வேம்பும் வரும். தேக்கு உளிக்கு இணக்கமாக இழையும் மரம், ஆனாலும் அதில் கூர் நினைத்ததைவிட முன்னதாகவே மழுங்கிவிடும். அதன் திசுக்களில் சிலிக்கா, அதாவது ஆற்று மணலில் இருக்கிற அதே பொருள், நுண்துகள்களாகப் படிந்திருப்பதே இதற்குக் காரணம். தேக்கில் துளை வெட்டுகிற நாளில் உளியைப் பலமுறை தீட்ட நேர்கிறது. ஒவ்வொரு முறையும் தண்ணீரையும் கல்லையும் எடுத்து உட்கார்ந்தால் பாதிப் பொழுது அதிலேயே போய்விடும். உளியும் தேவையில்லாமல் தேய்ந்து குட்டையாகும். கல்லுக்குப் போகாமல் கூரை மீட்டுக்கொள்ளும் வழியாகத்தான் நான் தீட்டுத்தோலுக்கு வந்தேன். சவரக் கடைகளில் மடக்குக் கத்தியை நீண்ட தோல்வாரில் இப்படியும் அப்படியுமாக இழுத்துத் தீட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. மரவேலைக்குரிய தோல் தொங்கும் வாராக இல்லாமல் ஒரு பலகையின்மேல் ஒட்டப்பட்டிருக்கும், அதன்மேல் ஏதேனும் ஒரு தீட்டுப்பசை தடவப்பட்டிருக்கும் என்பவைதான் வேறுபாடுகள்.

எந்தப் பசையைத் தடவுவது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பச்சை போதும் என்பவர்கள் உண்டு. வைரம் இல்லாமல் தீட்டுவதே வீண் என்பவர்களும் உண்டு. கடந்த ஆறு மாதங்களாக ஐந்து தோல்பலகைகளைத் தனித்தனியாகச் செய்து, ஒன்றில் எதுவும் தடவாமலும், மற்ற நான்கில் பச்சைக் கட்டி, வெள்ளைக் கட்டி, சிவப்புக் கட்டி, ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளுள்ள வைரப் பசை ஆகியவற்றைத் தடவியும், அன்றாட வேலையிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எடுத்துக்கொண்ட கருவிகள் மூன்று வகைப்பட்டவை. முதலாவது, கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்து வாங்கிய முக்கால் அங்குல உளி. இரண்டாவது, தொழிற்சாலையில் செய்த ஓர் அங்குலக் கார்பன் எஃகு உளி. மூன்றாவது, உடைந்த பவர் ஹேக்ஸா பிளேடிலிருந்து நானே சாணை பிடித்துச் செய்துகொண்ட, மரத்தில் அளவுக்கோடு கீறும் குறிகத்தி. இது ஹெச்எஸ்எஸ் எனப்படும் அதிவேக எஃகு. மூன்றையும் முதலில் 1000 எண் நீர்க்கல்லிலும் பிறகு 6000 எண் கல்லிலும் தீட்டிவிட்டுத்தான் தோலுக்குக் கொண்டுபோனேன்.

இந்த வரிசை முக்கியமானது. எனக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரிய ஆசாரிக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் தீட்டுத்தோல் என்று தனியாக எதையும் வைத்துக்கொண்டதில்லை. கல்லில் தீட்டி முடித்ததும் உள்ளங்கையில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்துவிட்டு நேராக வேலையைத் தொடங்கிவிடுவார். நான் ஐந்து பலகைகளையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கல்லுல வராத கூரு தோல்லயா வரப்போவுது கண்ணு?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரியானது. தீட்டுத்தோலால் கூரை உருவாக்க முடியாது. கல்லில் தீட்டும்போது விளிம்பின் மறுபக்கம் மெல்லிய கம்பிபோல் திரண்டு நிற்கும் பிசிரை ஒடித்துவிடாமல் தேய்த்தே நீக்குவதும், கல் விட்டுச்சென்ற கீறல்களை இன்னும் மெல்லியவையாக்குவதும்தான் அதன் வேலை. 1000 எண் கல்லின் துகள் பத்து மைக்ரானுக்கும் மேல் பருமன் உள்ளது; 8000 எண் கல்லின் துகள் ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும்; நல்ல பச்சைப் பசையின் துகள் அரை மைக்ரான் அளவில் இருக்கும். நம் தலைமுடியின் பருமனை எழுபது மைக்ரான் என்று கொண்டால் இந்தப் படிகளின் நுட்பம் விளங்கும். முதற்படியில் விளிம்புவரை தீட்டாமல் விட்ட உளியை எவ்வளவு விலை உயர்ந்த பசையாலும் காப்பாற்ற முடியாது.

பச்சைக் கட்டியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் நான் அன்றாடம் கையிலெடுப்பது அதைத்தான். இதன் பச்சை நிறத்துக்குக் காரணம் குரோமியம் ஆக்சைடு. தூளை மெழுகும் கொழுப்பமிலமும் கலந்து கட்டியாக வார்த்திருப்பார்கள். இது மரவேலைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட பொருளே அன்று. எவர்சில்வர் பாத்திரங்களைச் சுழலும் துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்குவதற்கு உரியது. ஆகவே கொங்கு நாட்டில் இருப்பவர்கள் இதற்காக வெளிநாட்டுக் கடைகளை எதிர்பார்த்திருக்க வேண்டியதே இல்லை. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் தலைமுறைகளாகப் பாத்திரத் தொழில் நடக்கும் ஊர். அங்கே பாலிஷ் பட்டறைகளுக்குச் சரக்குப் போடும் சிறிய கடை ஒன்றில் நான் பச்சைக் கட்டி கேட்டபோது, கடைக்காரர், "ஏனுங்க, பாத்திரப் பட்டறைங்களா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். உளி தீட்டுவதற்கு என்று சொன்னதும், "உளிக்குங்களா? அதுக்கெதுக்குங்க முழுக் கட்டி, ஒடஞ்ச துண்டு கெடக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று கைப்பிடி அளவு துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்ட பணம் ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகிற தொகை. ஆறு மாதம் கழிந்தும் அந்தத் துண்டுகளில் முதல் துண்டு பாதிகூடக் கரையவில்லை.

ஆனால் இதே பச்சை நிறத்தில் எனக்கு ஒரு மோசமான அனுபவமும் உண்டு. அதற்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் மரவேலைக்கே உரியது என்ற விளம்பரத்தை நம்பி அழகிய பெட்டியில் வந்த ஒரு கட்டியை வாங்கியிருந்தேன். விலை பல மடங்கு. அதில் தீட்டிய உளியின் முகம் கண்ணாடிபோல் மின்னியது. எனினும் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தபோது, அந்த மினுமினுப்பின் நடுவே விளிம்புவரை ஓடும் ஆழமான கீறல்கள் நான்கைந்து தெரிந்தன. ஒவ்வொரு கீறலும் விளிம்பைத் தொடும் இடத்தில் ஒரு சிறு பல் விழுந்திருந்தது. அந்த உளியால் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவியபோது அதே எண்ணிக்கையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மரத்தில் பதிந்தன. கட்டியில் பருமனான துகள் கலந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பளபளப்பும் கூரும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது என்பதை நான் இதில்தான் உறுதியாகத் தெரிந்துகொண்டேன். பச்சை என்று விற்கப்படும் கட்டிகள் பலவற்றில் குரோமியம் ஆக்சைடோடு அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும். அந்தக் கலப்பில் குறையொன்றும் இல்லை, சொல்லப்போனால் வேகமாகவே அரிக்கும். துகளின் பருமன் சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அனுப்பர்பாளையத்துக் கட்டியின் முடிவுகள் முற்றிலும் வேறாக இருந்தன. என் சோதனை எளிமையானது. தீட்டிய உளியால் மலைவேம்பின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவுவேன். தீப்பெட்டிக்கும் பிளைவுட்டுக்கும் நம் பக்கத்துக் காடுகழனிகளில் வளர்க்கிற இந்த மரம் மிக மென்மையானது. கடின மரம் மழுங்கிய உளிக்கும் ஓரளவு ஈடுகொடுத்து வெட்டுப்படும். மென்மரத்தின் நார்களோ கூர் சற்றுக் குறைந்தாலும் வெட்டுப்படாமல் நசுங்கிப் பிய்ந்துவிடும். கல்லில் மட்டும் தீட்டிய உளி மலைவேம்பில் வெளுத்துத் தூள்படிந்தது போன்ற முகத்தை விட்டது. பச்சைத் தோலில் முகப்புறம் பதினைந்து இழுப்பும் பின்புறம் ஐந்து இழுப்பும் கொடுத்த பிறகு அதே உளி, மெழுகு தேய்த்ததுபோல் லேசாக மினுங்குகிற, வளையங்களின் நிறம் தெளிவாகத் தெரிகிற முகத்தை விட்டது. சீவல் உடையாமல் சுருண்டு விழுந்தது. தேக்கில் கழுந்துத் துளை வெட்டுகையில் ஒரு துளை முடிந்ததும் தோலில் பத்து இழுப்பு என்று பழக்கப்படுத்திக்கொண்டால், காலையில் கல்லில் தீட்டிய உளி உச்சிப்பொழுதுவரை மறுபடி கல்லைக் கேட்பதில்லை. ஸ்பிரிங் பட்டை உளி, தொழிற்சாலை உளி இரண்டுக்கும் இது பொருந்தியது.

குரோமியம் என்றதும் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களுக்குத் தோல் ஆலைக் கழிவு நினைவுக்கு வருவது இயல்பு. பச்சைக் கட்டியில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம். தண்ணீரில் கரையாதது, நிலையானது. புற்றுநோய்க்குக் காரணமாகும் அறுவிணைதிறக் குரோமியம் வேறு. இருந்தாலும் கையில் பச்சை ஒட்டிய நிலையில் சாப்பிட உட்காராமல் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வதும், காய்ந்த தோலைச் சுரண்டும்போது தூளை மூச்சில் இழுக்காமல் இருப்பதும் நல்லது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பலகையைக் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும், கிரேயான் என்று எண்ணி எடுத்துவிடுவார்கள்.

வெள்ளைக் கட்டி அலுமினியம் ஆக்சைடு. இதன் இயற்கை வடிவத்துக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயரே இந்தச் சொல்லிலிருந்து போனதுதான். காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருப்பதை நிலவியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே எழுதி வந்திருக்கிறார்கள். சாணை பிடிப்பவர்கள் குருந்தத் தூளை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் வார்த்ததும் பழைய நடைமுறை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணிகள் செய்த தடயங்களும் ஒரே ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இரும்பையும் மணிக்கல்லையும் தேய்த்து மெருகேற்றும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதன்று என்பதை நினைக்கும்போது, இணையத்தில் விலை உயர்ந்த பெட்டிகளை நாம் தேடிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

குருந்தம் கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் 9. குரோமியம் ஆக்சைடு 8-க்கும் 9-க்கும் இடைப்பட்டது. அதனால் வெள்ளை சற்று வேகமாக அரிக்கிறது. பிசிர் கூடுதலாக நின்ற உளியில் இந்த வேகம் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் வெள்ளை என்பது துகளின் அளவைச் சொல்லும் பெயரல்ல. ஒரே வெள்ளை நிறத்தில் மிகப் பருமனான கட்டியும் மிக நுண்ணிய கட்டியும் விற்கின்றன. நிறத்துக்கும் துகளுக்கும் எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது விதி எதுவும் கிடையாது. எனக்குக் கிடைத்த வெள்ளை, பச்சையைவிடச் சற்றுப் பருமனானது. 6000 எண் கல் இல்லாமல் 1000 எண் கல்லோடு நிறுத்திக்கொள்பவர்கள் அந்த இடைவெளியை நிரப்ப முதலில் இதையும் பிறகு பச்சையையும் பயன்படுத்தலாம். நான் 6000 எண் கல் வைத்திருப்பதால் எனக்கு இது மிகையாகவே பட்டது.

சிவப்புக் கட்டியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. அது இரும்பு ஆக்சைடு, தங்க நகைக்கு இறுதி மெருகு கொடுக்க உரியது. கோயமுத்தூர் செல்வபுரம் பக்கத்து நகைப்பட்டறைகளில் அதற்கு மதிப்பு உண்டு. கடினப்படுத்திய எஃகைவிட மென்மையான தூள் என்பதால் உளியின் பிசிரை நீக்குவதற்குள் கை சலித்துவிடுகிறது. பித்தளைக்குப் போடும் பழுப்புக் கட்டியும் நம் வேலைக்கு ஆகாது. எதுவும் தடவாத வெறும் தோல், சிவப்பு தடவிய தோலைவிட எந்த வகையிலும் குறைந்துவிடவில்லை என்பதை ஒரு மாதத்துக்குள் கண்டு, அந்தப் பலகையைச் சுரண்டி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

வைரப் பசை தனி வகை. ஊசிக்குழல் போன்ற சிறு பிளாஸ்டிக் குழலில் ஐந்து கிராம் அளவில் வரும். 6, 3, 1, 0.5, 0.25 மைக்ரான் என்று துகளின் அளவை வெளிப்படையாகக் குறித்திருப்பார்கள் என்பதே இதன் முதல் நன்மை. நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. அச்சு மெருகிடும் பட்டறைகளிலும் உலோக ஆய்வுக்கூடங்களிலும் பயன்படுவதால் கோயமுத்தூரில் தேடினால் கிடைக்கும். கார்பன் எஃகு உளிகளில் ஒரு மைக்ரான் வைரம் பச்சையைவிட விரைவாக வேலையை முடித்தது, பதினைந்து இழுப்புக்குப் பதில் ஆறு ஏழு இழுப்பு. ஆனால் மலைவேம்பு முகத்தில் இரண்டுக்கும் இடையே என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. சொல்லப்போனால் பச்சை விட்ட முகம் ஒரு மாற்று கூடுதல் மென்மையாக இருந்தது. வைரத்தின் துகள் உடைந்து மழுங்காமல் கூர்மையாகவே நிற்பதால் கீறலும் சற்றுத் தெளிவாக விழுகிறது என்று கருதுகிறேன்.

ஹேக்ஸா பிளேடில் செய்த குறிகத்தியில்தான் வைரத்தின் மதிப்பு தெரிந்தது. அதிவேக எஃகுக்குள் டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் கார்பைடுகள் மணிமணியாகப் பரவியிருக்கும். இவற்றில் வனேடியம் கார்பைடு குருந்தத்தைவிடக் கடினமானது. பச்சைப் பசையில் இழுத்தால் அந்த மணிகளைச் சுற்றியுள்ள எஃகு தேய்கிறதே தவிர மணிகள் அசைவதில்லை. குறிகத்தியைப் பச்சைத் தோலில் ஐம்பது முறை இழுத்தும் பிசிர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்ந்ததே ஒழிய விழவில்லை. விரல்நகத்தை விளிம்புக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது நகத்தில் இடறும். வைரத் தோலில் பன்னிரண்டு இழுப்பில் இரண்டு பக்கமும் இடறல் நின்றது. ஆகவே ஹெச்எஸ்எஸ் அலகு போட்ட இழைப்புளியோ, டி2 போன்ற குரோமியம் மிகுந்த எஃகில் செய்த உளியோ வைத்திருப்பவர்கள் வைரத்துக்குச் செலவு செய்வது நியாயம். ஆசாரிகள் கையில் வழிவழியாக இருக்கும் கார்பன் எஃகு உளிகளுக்கு அது அவசியமே இல்லை. வைரத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: ஒரு பலகைக்கு ஓர் அளவுதான். 6 மைக்ரான் ஒருமுறை பட்ட தோலில் பிறகு 1 மைக்ரானைத் தடவிப் பயனில்லை, பெரிய துகள் தோலுக்குள் தங்கிவிடும். பலகையின் முதுகில் அளவை எழுதி வைத்துவிடுவதும், ஒரு தோலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் உளியைப் பனியன் வேஸ்டில் துடைத்துக்கொள்வதும் கட்டாயம்.

இத்தனையும் சொன்ன பிறகு, பசையைவிட அதைத் தாங்கும் தோல்தான் முடிவைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் முதல் தீட்டுத்தோலை ஒரு பழைய கைப்பையின் தடித்த தோலில் செய்தேன். அது குரோம் உப்பில் பதனிட்ட, பஞ்சுபோல் அமுங்குகிற தோல். உளியை அழுத்தி இழுக்கும்போது தோல் உளியின் அடியில் பள்ளமாகி, உளி கடந்ததும் விளிம்பின்மேல் மேலெழும்பி, விளிம்பை உருட்டிவிட்டது. ஒரு மாதம் அப்படித் தீட்டிய உளி 30 பாகைச் சரிவில் மரத்தில் பிடிக்காமல் வழுக்கியது. கைப்பிடியை உயர்த்தினால் மட்டுமே வெட்டியது. பழைய நிலைக்குக் கொண்டுவர 1000 எண் கல்லில் அரை மணி நேரம் தேய்க்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு மாதமும் நான் பழி போட்டது பசையின்மேல்.

தாவரப் பட்டையில் பதனிட்ட தோலே இதற்கு ஏற்றது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிடுவது தமிழ்நாட்டுக்குப் பழைய கலை. அப்படிப் பதனிட்ட தோல் விறைப்பாக, அமுங்காமல் இருக்கும். ஈரோட்டில் தோல் வணிகம் செய்பவர்களிடம் பட்டையில் பதனிட்டது என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு மில்லிமீட்டர் பருமன் போதும். அதைத் தாண்டினால் அமுங்கத் தொடங்கும். சமமாக இழைத்த பலகையில் பெவிகால் தடவி, சதைப்பக்கம் கீழாகவும் வழுவழுப்பான மயிர்ப்பக்கம் மேலாகவும் ஒட்டி, மேலே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்துப் பாரமேற்றி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் பசை பிடிக்கும். தோல் கிடைக்காதவர்கள், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் நேரடியாகப் பச்சையைத் தேய்த்தும் தீட்டலாம். அது தோலைவிடக் குறைவாக அமுங்குவதால் விளிம்பு உருளும் அபாயம் இன்னும் குறைவு. இழைப்புளி அலகுக்கு நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

தடவும் முறையில் பலர் செய்யும் பிழை, பசையை அப்பிவிடுவது. கட்டியில் உள்ள மெழுகு, துணிச் சக்கரத்தின் சூட்டில் உருகுவதற்காகச் சேர்க்கப்பட்டது. கையால் இழுத்துத் தீட்டும் தோல்பலகையில் அந்தச் சூடு இல்லை. அதனால் அப்பிய பசை மேடும் பள்ளமுமாகத் திரண்டு, உளியின் விளிம்பை ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிவிடும். கட்டியைச் சித்திரை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்தாலே மெழுகு இளகிவிடும். மற்ற மாதங்களில் தோலில் இரண்டு துளி தையல் எந்திர எண்ணெய் விட்டுப் பரப்பிவிட்டு, அதன்மேல் கட்டியால் கோடுகள் போட்டு, விரலால் தேய்த்துவிட வேண்டும். பசையின் அடியில் தோலின் நிறம் இன்னும் மங்கலாகத் தெரிய வேண்டும், அதுதான் அளவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 பாகைக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் தோல் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது, நாளடைவில் சிக்கு வாடையும் அடிக்கிறது. ஆளி விதை எண்ணெய் காய்ந்து கெட்டியாகிவிடும்.

இழுப்பு எப்போதும் விளிம்புக்கு எதிர்த்திசையில், உளியின் முதுகு முன்னே போகும்படி இருக்க வேண்டும். சரிவைத் தோலில் முழுதாகப் படியவைத்து, உளியின் எடைக்குச் சற்றே மிகுந்த அழுத்தம் கொடுத்து, கடைசியில் கையைச் சுழற்றாமல் நேராகத் தூக்கிவிட வேண்டும். சவரக் கத்தி தீட்டுபவரைப் பார்த்து நாமும் கையைப் புரட்டினால் விளிம்பு உருண்டுவிடும். பின்புறத்தைத் தீட்டும்போது ஒரு மயிரிழைகூடத் தூக்காமல் தட்டையாகவே இழுக்க வேண்டும். நான்கைந்து இழுப்பில் பசையின்மேல் கருங்கோடுகள் தோன்றும், அவை உளியிலிருந்து அரிந்த எஃகு. தோல் முழுதும் கறுத்துப் பளபளவென்று ஆனதும் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவலாம். என் வேலையளவுக்கு மாதம் ஒருமுறை போதுமாக இருக்கிறது. சித்திர வேலைக்குரிய வளைவு உளிகளுக்குத் தட்டைத் தோல் உதவாது. மலைவேம்புக் கட்டையில் அந்தந்த உளியாலேயே ஒரு பள்ளம் செதுக்கி, அதில் பச்சையைத் தேய்த்துவிட்டால் வெளிவளைவுக்குத் தோதாக அமையும். உள்வளைவுக்கு அதே வளைவில் உருட்டிய குச்சியில் மெல்லிய தோலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம்.

வாங்கப் போகிறவர்கள் பாத்திரப் பட்டறைகளுக்குச் சரக்குப் போடும் கடைகளில், எவர்சில்வருக்குக் கடைசி மெருகு போடும் பச்சைக் கட்டி என்று கேளுங்கள். வெறுமனே பாலிஷ் கட்டி என்றால் பித்தளைக்கு உரிய பழுப்புக் கட்டியைத் தந்துவிடுவார்கள். போகும்போது வழவழப்பான பின்புறம் உள்ள ஒரு எவர்சில்வர் கரண்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டியின் முனையில் துளி எண்ணெய் தொட்டு, துணியில் தேய்த்து, அந்தத் துணியால் கரண்டியின் முதுகை இருபது முறை ஒரே திசையில் தேய்த்துவிட்டு, கடைவாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான ஒரே சீரான பளபளப்பு தெரிந்தால் வாங்கிக்கொள்ளலாம். அதன் நடுவே தனித்தனியாகக் கோடுகள் எழுந்தால் அந்தக் கட்டியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். உடைந்த துண்டு இருந்தால் அதுவே போதும்.